பத்தடி லேத்தும் எதிர்ப் பட்டறை முரளியும்

புருஷோத்தமனுக்கு வயிற்றெரிச்சல் என்று ஒன்று வந்தால் அது முரளி வகையில் வருவதுதான். மாத்திரைக்கெல்லாம் அடங்காது.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, டர்னர் வேலை படித்து, முரளியோடு ஒரே நாளில் ஒரே கம்பெனியில் சேர்ந்தவர் அவர். கம்பெனி மூடியதும் இருவரும் நாச்சாரத்தில் எதிரெதிரே லேத் பட்டறை போட்டார்கள். இருபது வருஷத்தில் முரளி இரண்டு கம்ப்யூட்டர் மெஷின் இறக்கிவிட்டான். இவர் பழைய ஆறடி லேத்தோடு நின்றுவிட்டார். கைவேலையில் புருஷோத்தமண்ணன்தான் கெட்டி என்று முரளியே ஊரெல்லாம் சொல்லுவான். அவன் அப்படிச் சொல்வதுதான் இவருக்குப் பொறுக்கவே இல்லை.

இப்போது சர்க்கரை ஆலை ஒன்றிலிருந்து நீள ஷாஃப்ட் ஆர்டர் வந்திருந்தது. வருஷம் முழுக்கச் சோறு போடும் ஆர்டர். அதற்குப் பத்தடி லேத் வேண்டும். மூடிப்போன தொழிற்சாலையின் லேத் ஒன்றை ஒரு வங்கி ஆன்லைனில் ஏலம் விட்டது. குறைந்தபட்ச விலை நாலு லட்சம். அதற்குக் கீழே கேட்டால் கிடையாது. முன்பணம் கட்டியவர்தான் ஏலமே கேட்கலாம். இருக்கிற நிலையில்தான் எடுக்க வேண்டும், அப்புறம் குறை சொல்லக்கூடாது.

மெஷினைப் பார்வையிட ஒரு நாள் கொடுத்தார்கள். போனால், அங்கே முரளி! டார்ச்சை அடித்துக்கொண்டு மெஷினின் கீழே குனிந்தான், விரலால் தடவினான், அரை மணி நேரம் அங்கேயே கிடந்தான். இவர் தூணோரம் நின்று அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு நேரம் பார்க்கிறான் என்றால் சரக்கு தங்கம்தான் என்று முடிவு கட்டி வீட்டுக்கு வந்தார்.

ஏலத்தன்று காலையில் மனைவி பகவதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தார். திரையில் தொகை மட்டும் தெரியும், ஆள் பெயர் தெரியாது. நாலு லட்சத்துப் பத்தாயிரம் என்று போட்டார். முக்கால் மணி நேரம் யாரும் வரவில்லை. முடியப்போகும் நேரத்தில் நாலு இருபது என்று விழுந்தது.

“வந்துட்டான் பாரு!”

“பேரே காட்டலியே, அவருதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“வேற எவனுக்கு இருக்கு இந்தப் பொறாமை?”

கடைசி நிமிஷத்தில் யார் ஏற்றினாலும் ஏலம் இன்னும் அஞ்சு நிமிஷம் நீளும். அப்படி நீண்டு நீண்டு அஞ்சு லட்சம் தாண்டியது.

“நக்கோ, வேணாம், விட்டுடுங்க. அஞ்சுக்கு மேல போகமாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அவன் கைக்குப் போறதைப் பார்த்துட்டு உக்காரச் சொல்றியா?”

பகவதி தன் வளையல்களைப் பார்த்துக்கொண்டாள். ஆறு நாற்பதில் எதிராளி ஓய்ந்தான். லேத் புருஷோத்தமனுக்கு விழுந்தது.

முரளியின் முகம் சுருங்குவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று செருப்பைக்கூட மாட்டாமல் அவன் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

“வாங்கண்ணா, டீ சொல்லவா?”

“அந்தப் பத்தடி லேத் எனக்கு விழுந்துருச்சு. ஆறு நாப்பது.”

முரளி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். “அதையா எடுத்தீங்க? நான் முன்பணமே கட்டலியே.”

“அப்ப எங்கூட ஏத்துனது யாரு?”

“மெஷினையே பாக்காத வெளியூர்க்காரன் எவனாவது இருக்கும். கருவி ஓடுற பெட்டு நடுவுல நாலடிக்கு தேஞ்சு கிடக்கே அண்ணா, நீள ஷாஃப்ட் நேரா வராதே. நீங்களும் அன்னிக்குப் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்” என்றார் புருஷோத்தமன்.

“ஹவ், ஆமா, தெரிஞ்சுதான் எடுத்திருப்பீங்க. உங்க கைக்கு எந்த மெஷினும் படியும்.”

அடகுக்குப் போகிற வளையலும் கைநழுவப்போகும் ஆர்டரும் அவருக்கு வீடு திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தன. பட்டறையில் நின்ற அந்த நிமிஷத்தில் அவருக்கு ஆறாதது ஒன்றே ஒன்றுதான்: நாலு லட்சம்கூடப் பெறாத மெஷின் என்பதை முரளி முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறான்.