குப்புறப் படுத்திருந்த அரை மணி நேரம்

மினிபஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. இடுப்புக்கு மேலே சுளீரென்றது. தொடக்கம் அவ்வளவுதான்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கோடியக்கரையில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவன். வாயுப்பிடிப்பு என்று நினைத்து மூன்று வாரம் தைலம் தேய்த்தேன். பிறகு படுக்கவே முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினேன். இருமினால் கண்ணில் நீர் வந்துவிடும்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. காரணம் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை).

"இது பொம்பளைங்களுக்கு வர்றதுதானே டாக்டர்?" என்றாள் என் மனைவி செல்வி.

"ஆம்பளைங்களுக்கும் வரும்மா. மூச்சு இழுப்புக்கு எத்தனை வருஷமா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறாரு?"

நான் தலைகுனிந்தேன். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் நானாக வாங்கி விழுங்கியவை அவை. அவைதான் எலும்பை மெலிய வைத்திருந்தன. என்னைப்போல் விழுங்குகிறவர்கள் திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இடுப்பு பெல்ட்டுக்கும் மாத்திரைக்கும் வலி கேட்கவில்லை. வெர்டிப்ரோபிளாஸ்டி (முறிந்த எலும்புக்குள் ஊசி வழியாக எலும்புச் சிமெண்ட் செலுத்தும் சிகிச்சை) செய்யலாம் என்றார் மருத்துவர்.

"முதுகுல கை வச்சா கால் வெளங்காமப் போயிடும்" என்று என் அண்ணன் பயமுறுத்தினார். என் பயம் வேறு. குப்புறப் படுக்க வேண்டுமாம். அப்போது இழுப்பு வந்தால்?

சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்திருந்தபோது வந்தேவிட்டது. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டிருந்ததால் எனக்கு நினைவிருந்தது. பாதியில் நெஞ்சு விசிலடித்தது.

"டாக்டர், இழுக்குது."

"அசையாதீங்கய்யா. ஆக்சிஜன் கூட்டுறோம். மெதுவா மூச்சு விடுங்க. கால் விரலை ஆட்டுங்க, பாப்போம்."

ஆட்டினேன்.

"நல்லா ஆடுது. சிமெண்ட் இறுகுற வரைக்கும் பொறுத்துக்குங்க."

பொறுத்துக்கொண்டேன்.

மாலையில் செல்வியின் தோளைப் பிடித்து எழுந்தேன். ஊசி குத்திய இடத்தில் மட்டும் நோவு. அந்தப் பழைய வலி இல்லை.

"நெசமாவா சொல்றீங்க?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு அழுதாள்.

மற்ற எலும்புகள் இன்னும் மெலிந்தவைதான். அவற்றுக்குத் தனி மருந்து. இழுப்புக்கு இப்போது இன்ஹேலர். கூடை தூக்குவதில்லை. கைலி தரையில் இழுபடுகிறது. இரண்டு விரற்கடை குள்ளமாகிவிட்டேன்.

போன வாரம் டீ குடிக்கும்போது பலமாக ஒரு தும்மல். செல்வி அப்படியே நின்றுவிட்டாள். நான் வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"நூறு" என்றாள், தும்மிய குழந்தையை நூறு வயது வாழச் சொல்லி வாழ்த்துவதுபோல.

நூறைப் பற்றி நான் நினைக்கவில்லை. வலியில்லாத ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். டீயை நிதானமாகக் குடித்து முடித்தேன்.