ஓட்ரீவ் வீட்டுக்காரர்

சுவிஸில், நொஷாத்தெல் ஏரிக்கரையில், ஓட்ரீவ் என்ற ஊரில், 1980களில் ஒரு கிழவரின் வீட்டைத் துப்புரவாக்கப் போய்வந்தேன். முள்ளுப்போல வெள்ளைப் புருவம். மஞ்சள் கல் மதிலைக் கைத்தடியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எனக்குக் கதவு திறப்பார்.

ஒருநாள் சொன்னார்: "ஊருக்கும் ஓட்ரீவ், என்ர குடும்பத்துக்கும் ஓட்ரீவ். பிரான்சிலயும் அதே பேரில ஊருகள் இருக்கு. நிலத்துக்குக் கீழ கிடக்கிற பழம்பாறைக்குக்கூட விஞ்ஞானியள் எங்கட பேரைத்தான் வைச்சிருக்கினம். உன்ர பேர் எங்கை இருக்கு, செல்லத்துரை?"

"முசியே, அது என்ர பேரில்லை. செத்துப்போன அப்பாவின்ர பேர். எங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது, தகப்பன்ர பேரைத்தான் முன்னால போடுறனாங்கள். இங்க தந்த வதிவிட பெர்மிட்டில அதைக் குடும்பப் பேராக்கிப்போட்டினம்."

கிழவர் கக்கூஸ் கதவைத் தடியால் தள்ளித் திறந்தார்.

"நல்லதாப் போச்சு. செல்லத்துரை வந்து கழுவட்டும்."

அதுவரை அந்தப் பேரை மென்று துப்பியவர், அன்றைக்குப் பிறகு ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னார். அதில் அந்த மனிசனுக்கு என்ன சுகமோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்ப என்ர மகளுக்கும் அதுதான் குடும்பப் பேர். பள்ளிக்கூட வாசலில் ரீச்சர் "செல்லத்துரை" என்று கூப்பிட, அவள் சிரித்துக்கொண்டு ஓடுகிறாள். என்ர கை கக்கூஸ் பிரஷைத் தேடுகிறது.