பல்லுக்காரர் ஓட்டிய தூரம்

பல் டாக்டர் வேறு, பல் செய்கிறவர் வேறு. டாக்டர் வாய்க்குள் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் மோட்டாரில் மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். மருந்துக்கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், முக்காலியை விட்டு எழுந்திருக்காமல் முப்பது வருஷம் ஊராரின் சிரிப்பைச் செய்துகொடுத்தவர். எல்லோரும் பல்லுக்காரர் என்றுதான் சொல்வார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்படி உட்கார்ந்தே காலம் தள்ளிய மனுஷனுக்கு ஐம்பத்து நாலு வயதில் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாமல் போயிற்று.

காரணம் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். பக்கத்து சீட்டிலிருந்து அவர் "கிளட்ச்" என்று ஒரு சத்தம் போட்டால், எதிரே வருகிறவனும் சேர்ந்து கிளட்சை மிதிப்பான். அந்த வாயில், இடது கன்னத்தின் உள்பக்கம், புற்றுநோய் வந்தது.

அது தெரியவருவதற்கு முன்னால் நடந்த ஒரு விஷயம் உண்டு. மச்சானுக்குக் கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்றைப் பல்லுக்காரர்தான் செய்துகொடுத்திருந்தார். அது கன்னத்தில் உரசுகிறது என்று ஒரு நாள் மச்சான் அந்த அறைக்கே வந்து வாயைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக ஒரு படை, ஓரமெல்லாம் சிவப்பு. பல்லுக்காரர் கண் நேராகப் பல்லின் விளிம்புக்குத்தான் போயிற்று. விளிம்பு கூராக இருக்கிறது என்று சொல்லி, மோட்டாரில் பிடித்து ராவிக் கொடுத்தார். அடுத்த மாதமும் மச்சான் வந்தார், மறுபடி ராவினார். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது டாக்டருக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்பது மச்சானின் கணக்கு. மூன்றாவது தடவை அந்த இடத்தில் விரல் பட்டது. கெட்டியாக இருந்தது. பல் கீறிய புண் இப்படி இருக்காது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் டாக்டரிடம் அனுப்பினால், நீ செய்த பல்தான் கன்னத்தைப் புண்ணாக்கியது என்பாரே, முப்பது வருஷப் பெயர் கெட்டுப்போகுமே என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, மூன்றாவது தடவையும் ராவி அனுப்பினார்.

கன்னம் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் தாடை எலும்பில் கை வைத்திருக்க வேண்டாம் என்று பெரிய டாக்டர் சொன்னபோது, பல்லுக்காரர் பக்கத்திலேயே மச்சானின் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். காட்டினேனே என்று மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் கொட்டித் தீர்ந்திருக்கும்.

ஆபரேஷன் ஆயிற்று, கதிர்வீச்சு ஆயிற்று. அதற்கு முன்னால் மிச்சமிருந்த பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. சூப்பும் அரைத்த சாப்பாடுமாக ஒரு வருஷம் ஓடியது. இனிமேல் பல் கட்டிக்கொள்ளலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்ததும், மாப்பிள்ளை செய்தால்தான் போடுவேன், வேறு யார் கையும் என் வாய்க்குள் வரக்கூடாது என்று மச்சான் ஒரே பிடியாகப் பிடித்தார். ஆஸ்பத்திரிப் பல் டாக்டரும் அவர் தொந்தரவு தாங்காமல், பல்லுக்காரர் வந்து ஒரு தடவை பார்க்கட்டும், பிறகு நான் அச்சு எடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

பல்லுக்காரர் டிமிக்கி கொடுக்க ஆரம்பித்தார். ஈறு இன்னும் காய வேண்டும் என்றார். மோட்டார் ரிப்பேர் என்றார். புது மாதிரிப் பல் வருகிறது என்றார். வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தார். அந்த மாதிரி ஒரு நாளில்தான், மச்சானை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒரு தகவல் சொன்னாள். நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்சுகளுக்குச் சம்பளம் கொடுக்க அவர்கள் டிரஸ்ட் நிதி திரட்டுகிறது. அதற்காக ஒரு சைக்கிள் பயணம், மூன்று நாள், முந்நூற்று எண்பது கிலோமீட்டர். ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் நன்கொடை வசூலித்துத் தர வேண்டும். அவள் சொல்லி முடிப்பதற்குள் இவர் பெயர் கொடுத்துவிட்டார். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று அவள் சந்தேகமாகக் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஓட்டியிருக்கிறேன் என்றார்.

அதன் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. விடிந்ததும் கிளம்பிவிடுவார். முதல் வாரம் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார், நின்றுகொண்டே மெழுகு உருக்கினார். மிதிக்கிற வரையில் மனசு சும்மா இருந்தது, இறங்கினால் அரிக்க ஆரம்பித்தது. அதனால் இறங்குவதையே குறைத்துக்கொண்டார். தெரிந்த பல் டாக்டர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். மச்சானுக்காக இந்த வயதில் இப்படியா என்று ஒருவர் கட்டிக்கொண்டார். போதாக்குறைக்கு, மச்சானே ஒரு தொகை போட்டு, தன் மாணவர்களிடமும் மாப்பிள்ளை புராணம் பாடி வசூல் செய்தார். பாராட்டுகிறவர்களைப் பார்த்தால் பல்லுக்காரருக்கு ஓடி ஒளியத் தோன்றியது. நல்லவேளையாக ஓடுவதற்கென்றே ஒரு வண்டி கையில் இருந்தது.

பயணத்தின் முதல் நாள் எதிர்காற்று. கூட வந்தவர்கள் பாதிப்பேர் இவர் பிள்ளை வயசு. அவர்கள் நிறுத்தி, போட்டோ எடுத்து, காலை நீட்டிப் படுத்து, ஒருத்தரை ஒருத்தர் கலாய்த்துக்கொண்டு வந்தார்கள். இவர் எந்த நிறுத்தத்திலும் தரிக்கவில்லை. தண்ணீரை வாங்குவார், நின்ற வாக்கில் குடிப்பார், கிளம்புவார். பின்னாலிருந்து வந்த ஒரு பையன், பெரியவரே, யாராவது துரத்துறாங்களா என்று கேட்டான். விளையாட்டுக்குத்தான் கேட்டான். பல்லுக்காரர் சிரிக்க முயற்சி செய்து, ஹேண்டிலை ஆட்டிச் சாலையோரக் குழியில் இறக்கிவிட்டார்.

இரண்டாம் நாள் மேடு. தொடை இரண்டும் கல்லாகி, முதுகு விண்விண் என்று தெறித்தது. அது அவருக்கு வேண்டியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு வலிக்கிற அளவுக்கு உள்ளே ஏதோ கழிகிறது என்று ஒரு நப்பாசை. ஆனால் மேடு முடிந்து இறக்கம் வந்ததும், மிதிக்க வேலையில்லாமல் கால் சும்மா இருந்தபோது, விரல் நுனியில் அந்தக் கெட்டி மறுபடி தட்டுப்பட்டது. இறக்கத்திலும் வீணாக மிதித்தார்.

அன்று சாயங்காலம் மனைவி போன் செய்தாள். அடுத்த மாதம் நடக்கிற இன்னொரு பயணத்துக்கும் அவர் பெயர் கொடுத்திருப்பதை உறுதி செய்துகொள்ள டிரஸ்டிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது மச்சான் காதிலும் விழுந்துவிட்டது.

"நீங்க எதுலேருந்து ஓடறீங்கன்னு எனக்குத் தெரியலங்க," என்றாள். "ஆனா ஓடறீங்க. அண்ணன் உங்கள நாளைக்குப் பார்க்கணும்கிறாரு."

வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்கைத் தேடினார். அகப்படுவதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள், கடைசி நிறுத்தத்தில், டிரைவிங் ஸ்கூல் கார் நின்றுகொண்டிருந்தது. மனைவிதான் ஓட்டி வந்திருந்தாள், மச்சானிடம் கற்றவள். பல்லுக்காரரைக் கண்டதும் இறங்கி, நீங்க பேசுங்க என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுக்கிற மேஜைப் பக்கம் போய்விட்டாள். மச்சான் வழக்கமான பக்கத்து சீட்டில், தன் பக்கத்து பிரேக்கின் மேல் கால் வைத்தபடி இருந்தார். டிரைவர் சீட்டைக் கையால் தட்டினார். பல்லுக்காரர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா எதையும் மென்னு தின்ன முடியல, மாப்பிள்ளை," என்றார் மச்சான். வார்த்தைகள் ஓரமாக வழுக்கி வந்தன. "நீங்க ஊரு ஊரா மிதிக்கிறீங்க. பாருங்க."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

தப்பிக்க இனி வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பாட்டில் தண்ணீரில் கழுவிக்கொண்டு, மனைவி காரில் விட்டுப்போன பையிலிருந்து தன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். போன் வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்தில் எங்கிருந்தோ எடுத்துத் தைத்த தோல் வேறு நிறமாக இருந்தது. கீழ் ஈறு இடது பக்கம் பள்ளமாக இறங்கி ஓரிடத்தில் இல்லாமலே போயிருந்தது. விரலை உள்ளே விட்டு வலது ஓரத்திலிருந்து மெல்லத் தடவிக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம் பல் உட்காரும், அந்தப் பக்கம் பிடிமானம் கிடைக்காது என்று கை பாட்டுக்கு வேலையை யோசித்தது. பள்ளத்தில் விரல் நின்றது.

"மூணாவது தடவை வந்தீங்கல்ல மச்சான், அன்னைக்கே தெரிஞ்சுது," என்றார். தன் குரலா இது என்று அவருக்கே இருந்தது. "அது பல்லு கீறின புண்ணு இல்ல. கெட்டியா இருந்துச்சு. டாக்டர் என் வேலையைக் குத்தம் சொல்லுவாருன்னு பயந்து, உங்ககிட்ட சொல்லாம ராவி அனுப்பிட்டேன்."

விரல் இன்னும் வாய்க்குள்தான் இருந்தது. மச்சானின் கண் பல்லுக்காரர் முகத்தை விட்டு அகலவில்லை. பிறகு மெதுவாக வாய் மூடியது. வெறும் ஈறு விரலை அழுத்திப் பிடித்தது. இருக்கிற தெம்பையெல்லாம் சேர்த்து, கழுத்து நரம்பு புடைக்க, மச்சான் கடித்தார். வலிக்கவில்லை. வலித்தால் தேவலை என்று பல்லுக்காரருக்கு இருந்தது. வெளியே விசில் ஊதி எல்லோரையும் கிளம்பச் சொன்னார்கள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்குள் கண் கலங்கி எதுவும் தெரியாமல் போயிற்று.

மச்சான் ஒரு வழியாக விட்டார். துண்டால் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

"வலிச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினார் பல்லுக்காரர்.

"பல்ல செஞ்சு குடுங்க," என்றார் மச்சான். "கடிச்சுட்டு மறுபடி கேக்கறேன்."