ஏழாம் மாடிக்கு வந்த பசுமைச் சான்றிதழ்

சென் ஜேம்ஸ் ரவுணில் அந்தப் பழைய கட்டடத்தைப் பராமரிக்கும் சுப்பர் வேலையில் அமிர்தநாதர் இருபத்தொரு வருடங்களாக இருக்கிறார். பொயிலர் அறைக் குழாயைத் தொட்டே எந்த மாடியில் சூடு குறைகிறது என்று சொல்லிவிடுவார். இப்போது யார் அவரைக் கேட்கிறார்கள்? சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்று நிர்வாகம் மாடிக்கு ஒரு வீட்டில் வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டது. அது வெப்பத்தை அளந்து, வேறு நகரமான ஒஷாவாவிலுள்ள நிர்வாக அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கேயுள்ள கம்பியூட்டர் அந்த மாடி முழுவதற்கும் சூட்டைக் கூட்டும், குறைக்கும். சித்திரையில் வரும் அறிக்கையைப் பார்த்து, இனி சுப்பர் தேவையா என்று முடிவெடுப்பார்களாம்.

தை பிறந்ததும் ஏழாம் மாடி விறைத்தது. குடியிருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே கோட்டோடு திரிந்தார்கள். வந்து அவரைத்தான் பிடித்தார்கள். அவர் ஒஷாவாவில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரூபனைப் பிடித்தார்.

"அங்கிள், சிஸ்டத்தில இருபத்தேழு டிகிரி காட்டுது."

"தம்பி, இஞ்ச சனம் விறைச்சுச் சாகுது. ஒருக்கா வந்து பார்."

"டேற்றா பிழைக்காது அங்கிள்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போதாக்குறைக்கு, காஸ் குறைவாக எரித்ததென்று ஏழாம் மாடிக்குப் பசுமைச் சான்றிதழ் வேறு வந்தது. அதை லொபியில் அவரையே ஒட்டவும் வைத்தார்கள்.

பொறுமை கெட்டு, பெட்டி இருக்கும் அருள்மலர் வீட்டுக்கே போனார். பெட்டிக்கு நேர் கீழே பலகையில் அந்தோனியார் சுருவம், ஒரு சின்னச் சிலை. முன்னால் பதினொரு மெழுகுதிரிகள்.

"உதென்ன பிள்ளை, இவ்வளவு திரி?"

"சூடு வரவேணுமெண்டு நவநாள் வைக்கிறன் அண்ணை. முதல் ஒண்டுதான் கொளுத்தினனான். குளிர் கூடக் கூட நானும் கூட்டிக்கொண்டு வாறன்."

அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்; திரிகளின் சூட்டில் அது கொதித்தது. பெட்டியின் பச்சை வெளிச்சம் சுருவத்துக்கு வடிவாயிருக்கும் என்று மார்கழியில் பலகையை அங்கே அடித்துக் கொடுத்தவர் அவரேதான். இனி யாரைத் திட்டுவது?

பலகையைக் கழற்றி எதிர்ச் சுவரில் அடித்தார். பின்னேரமே சூடு வந்துவிட்டது. அருள்மலர் அந்தோனியாருக்கு நன்றி சொன்னாள். அமிர்தநாதருக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கிடைக்கவில்லை.

மாசியில் நிரூபன் அழைத்தான். "அங்கிள், ஏழாம் மாடியில காஸ் திடீரெண்டு கூடிட்டு. சித்திரை ரிப்போர்ட்டில உங்கட பேரைத்தான் போடப்போகினம். காரணம் எழுதி அனுப்புங்கோ."

மெழுகுதிரிக் கதையை எழுதினால் வேலை போகும். எழுதாவிட்டாலும் போகும். அமிர்தநாதர் விறுவிறென்று லொபிக்குப் போய்ச் சான்றிதழைக் கிழித்தெடுத்தார். அதன் பின்பக்கத்தில் எழுதி, படம் பிடித்து ஒஷாவாவுக்கு அனுப்பினார்: "ஏழாம் மாடியில் இப்போது ஆட்கள் கோட்டைக் கழற்றிவிட்டார்கள்."