நீலத் தண்ணி

அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தது நான், இளையது கார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. இளையதைத்தான் அப்பா அடிக்கடி குளிப்பாட்டினார்.

நோர்வேயில், ஒஸ்லோ நகரத்து வெஸ்ட்லியில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். கராஜ் கிடையாது. கார் கீழே திறந்த வெளியில் நின்றது. ஒஸ்லோவில் பனி விழத் தொடங்கினால் றோட்டெல்லாம் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு காரின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு தகரத்தைத் தின்னும். அப்பாவுக்கு வேலையிலும் பஸ் கழுவுகிற வேலைதான். வீட்டுக்கு வந்து உடுப்பைக்கூட மாற்றாமல் காரைக் கழுவப் போய்விடுவார். குளிர் கொஞ்சம் இறங்கிய நாட்களில் வாளி வாளியாக வெந்நீரை லிப்டில் கொண்டுபோவார். கழுவி முடிந்ததும் கதவு ரப்பரையெல்லாம் துடைத்து எண்ணெய் பூசுவார், இல்லாவிட்டால் விடியக் கதவு உறைந்து இறுகிவிடும்.

எல்லாவற்றையும்விட அவர் கவனமாக இருந்தது பொனட்டுக்குள் இருந்த சின்னத் தாங்கியில்தான். கண்ணாடிக்குப் பீச்சுகிற, உறையாத நீலத் தண்ணி அதற்குள் இருக்கும். சென்னையிலிருந்து கொம்பியூட்டர் வேலைக்கு வந்து முதல் கார் வாங்கியவர்களை மறித்து நிறுத்தி, பச்சைத் தண்ணியை, வெறும் குழாய்த் தண்ணியை மட்டும் அதற்குள் விட்டுவிட வேண்டாம், உறைந்து தாங்கி வெடித்துவிடும் என்று பிரசங்கம் வைப்பார். அவர்கள் பாவம், குளிரில் நடுங்கிக்கொண்டு "சரிங்க சார்" என்பார்கள்.

எனக்கு எட்டு வயதான அந்தத் தை மாதம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கு முந்தின கோடையில் அதே காரில் மூன்று நாள் ஓடி, பிரான்சிலுள்ள லூர்து மாதா கோயிலுக்குப் போய்வந்திருந்தோம். அங்கிருந்து அம்மா ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவந்தார். மாதா உருவத்தில் பிளாஸ்டிக் போத்தல், மூடிதான் மாதாவின் நீலக் கிரீடம். பின்னேரங்களில் கிரீடத்தைத் திருகி, என் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார். தீர்த்தம் குறைந்தால் குழாய்த் தண்ணீரை விட்டு நிரப்புவார். "தீர்த்தத்தோடை சேர்ந்த தண்ணியும் தீர்த்தம்தான், பிள்ளை" என்பார். ஞானோபதேசப் புத்தகத்தில் இல்லாத இந்தச் சட்டத்தை நான் புத்தகத்தைவிட அதிகமாக நம்பினேன்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவரப் போவது அந்தக் கார்தான். ஆகவே அதற்கும் கொஞ்சம் தீர்த்தம் வேண்டும் என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா காரைக் கழுவிவிட்டு, பொனட்டைத் திறந்து தாங்கியின் மூடியையும் கழற்றி வைத்துவிட்டு, நீலத் தண்ணி இருந்த பிளாஸ்டிக் கானை எடுத்துவர மேலே போனார். நான் ஜக்கெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த மாதாவை எடுத்தேன். அவ்வளவு தீர்த்தத்தையும் தாங்கிக்குள் ஊற்றினேன். நிரம்பவில்லை. அம்மாவின் சட்டம் கைகொடுத்தது. வாளியில் மிச்சமிருந்த சுத்தமான தண்ணீரைப் போத்தலால் அள்ளி அள்ளி விளிம்பு வரை விட்டேன்.

அப்பா வந்து பார்த்து, நிரம்பித்தானே கிடக்கிறது என்று தலையைச் சொறிந்தார். அந்த நாட்களில் அவர் சோற்றை அடுப்பில் வைத்ததையும் மறப்பார், என் பள்ளிக்கூடப் பையையும் மறப்பார். முன்னமே விட்டிருப்பேன் என்று நினைத்துப் பொனட்டை மூடினார். கிரீடத்தைத்தான் காணவில்லை. பனியில் கால் தேய்த்துத் தேடினேன், அகப்படவில்லை. மூடியில்லாத மாதாவைக் கொண்டுபோய்த் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் ஒளித்தேன்.

அன்றிரவு குளிர் திடீரென்று ஏறியது. ஞாயிறு விடிய, அம்மாவோடு ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த சித்தி போன் எடுத்தார். உடனே வரச் சொன்னார்.

பெரிய றோட்டில் முன்னால் போன லொறி உப்புச் சேற்றை எங்கள் கண்ணாடி முழுக்க இறைத்தது. எதிரே தாழ்ந்த சூரியன். அப்பா தண்ணி பீச்சுகிற நெம்பை இழுத்தார், தண்ணி வரவில்லை, உள்ளே ஏதோ முனகியது. வைப்பர் சேற்றை இழுத்துக் கண்ணாடியைப் பால்போல வெள்ளையாக்கியது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, பனியை அள்ளித் தேய்த்தார். கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் வெள்ளை. திரும்பவும் இறங்கினார். மூன்றாந் தரம் நிறுத்தியபோது பொனட்டைத் திறந்தார்.

எனக்கு முன்னால் தூக்கிய பொனட்டின் சிவப்புத் தகரம்தான் தெரிந்தது, அப்பா தெரியவில்லை. நேரம் போனது. இப்போதும் காரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருவழியாகப் பொனட்டை மூடினார். எதையோ ஜக்கெட் பொக்கற்றுக்குள் போட்டார். கையுறையில்லாத கைகளால் பனியை அள்ளிக் கண்ணாடியைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பெல்ட் போட்டிருக்கிறியோ, பிள்ளை?"

"ஓம், அப்பா."

அப்பா காரை எடுத்தார்.

அறை வாசலில் சித்தி நின்றார். "பத்து நிமிஷத்துக்கு முன்னம்தான், அத்தான். கடைசி வரைக்கும் உங்கள் ரண்டு பேரையும்தான் கேட்டவ."

செத்தவீட்டில் ஆட்கள் ஏன் பிந்தியது என்று விசாரித்தார்கள். தாங்கி உறைந்து வெடித்த கதை வெளியில் வந்தது. எல்லோருக்கும் முன்னால் மாமா, அம்மாவின் அண்ணன், அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "இருபது வருசமாய் இந்த நாட்டிலை இருக்கிறாய், மச்சான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப்போட்டு நீயே பச்சைத் தண்ணி விட்டனியோ?"

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "ஓம், மச்சான். நான்தான் விட்டனான். யோசிக்கேல்லை."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு லேசானது. உறைந்தது அப்பாவின் தண்ணீர், தீர்த்தம் எப்படி உறையும்? அம்மாவின் கடைசி நேரத்தை அப்பா தொலைத்துவிட்டார் என்று மாமாவோடு சேர்ந்து நானும் அவரைக் கோபித்தேன். கனகாலம் கோபித்தேன். அடுத்த கிழமை படத்துக்குப் பின்னால் பார்த்தபோது மாதாவின் தலையில் நீலக் கிரீடம் இருந்தது. மாதாவே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று நம்பினேன்.

இப்போது ஒஸ்லோவின் தெற்கே ஹவுகெட்டோவில் எனக்கும் ஒரு கார் நிற்கிறது, கராஜ் இல்லாமல். முதல் குளிர்காலத்தில் நீலத் தண்ணி விடப் பொனட்டைத் திறந்தேன். கானின் மூடி கை தவறித் தாங்கிக்குப் பக்கத்து இடுக்கில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. குனிந்து அதை எடுத்தேன். எடுத்த கையோடு அழுதேன்.

குளிர் குறைந்த சனிக்கிழமைகளில் அப்பா என் காரைக் கழுவ வருவார். ஒருமுறை, "அப்பா, அண்டைக்கு அந்தத் தாங்கிக்குள்ளை..." என்று தொடங்கினேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "கதவு ரப்பருக்கு எண்ணெய் பூசினியோ, பிள்ளை?" என்று கேட்டார். பூசவில்லை என்றேன்.

அன்று அந்தச் சிவப்புத் தகரத்துக்குப் பின்னால் அப்பா காரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அம்மாவுக்கென்று மிச்சமிருந்த நிமிடங்கள் போய்க்கொண்டிருக்க, அந்தக் கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைத் திட்டாமல் உள்ளே வந்து உட்காருவதற்கு ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார்.