கூரை மேல் சிறுத்தை, சிராங்கூன் சாலையில் ஜெபம்

எங்கள் கன்றுக்குட்டியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது என்ற செய்தி வந்தபோது, நான் வெளிநாட்டில், துவாஸ் கப்பல் பட்டறையில் வேலையில் இருந்தேன். அடுத்த மாதமே இன்னொரு கன்றும் போனது. என் மனைவி சாந்தி தாளவாடி மலையில், காட்டோரத்தில், தனியாக மாடு வளர்க்கிறாள். கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னால் ஒரு கம்பைக்கூட எடுக்க முடியவில்லை. அழுதேன். ஆண்டவரே, என்னை ஏன் இவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறீர் என்று கேட்டேன்.

எங்கள் சபையில் ஜேம்ஸ் அண்ணன் இருக்கிறார். இங்கேயே ஈசூன் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், பஸ் ஓட்டுநர். "தம்பி, மாட்டையெல்லாம் வித்துட்டு அவங்கள டவுனுக்குப் போகச் சொல்லு லா. உயிர்தானே முக்கியம்?" என்றார். சாந்தியிடம் சொன்னேன்.

"நான் எதுக்குங்க போகோணும்? ஜெபம் பண்ணி வளத்துன மாடுங்க. சிறுத்தைக்குப் பயந்துட்டு ஓடறதா?"

சிறுத்தை தின்றுவிட்டுப் போட்ட மிச்சத்தில் விஷம் வைக்கலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்களாம். அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. "அதை நம்ம நாயும் திங்கும்" என்று அனுப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. கெஞ்சுவதை விட்டேன். "இது உம்முடைய கொட்டகை. நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்" என்றே சொன்னேன்.

ஒரு ஞாயிறு மாலை. ஆராதனை முடிந்து ஜேம்ஸ் அண்ணனும் நானும் சிராங்கூன் சாலை அருகே புல்வெளியில் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது.

"ஏனுங்க, கூரை மேல நிக்குதுங்க. நான் உள்ள, மாடுங்களோட இருக்கறேன்."

பால் கறக்கும்போது சிறுத்தை தகரத்தின் மேல் குதித்திருக்கிறது. அவள் படலை இழுத்துச் சாத்திவிட்டாள். தகரம் நெளியும் சத்தம் எனக்கே கேட்டது.

அங்கேயே முழங்கால் போட்டேன். நாலு பேர் முன்னால் உதடசைக்கக்கூடக் கூச்சப்படுகிறவன் நான். அன்று கத்தினேன்.

ஜேம்ஸ் அண்ணன் என் தோளைப் பிடித்தார். "அவங்க பாட்டு கேக்குற ஸ்பீக்கர் பக்கத்துல இருக்கா? போனை அதுல போடச் சொல்லு. ஃபுல் சத்தம் லா!"

அண்ணனோடு போய் வாங்கி, போன விடுமுறைக்கு நான் கொண்டு போன பெரிய ஸ்பீக்கர். கறக்கும்போது பாட்டுக் கேட்கக் கொட்டகையில்தான் மாட்டியிருந்தாள். போட்டாள்.

"இயேசுவின் நாமத்தில் போ!" என்று கத்தினேன். அண்ணனும் கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். கேட்டதும் அவர்களும் எழுந்து நின்றார்கள். புதுக்கோட்டைக்காரர்கள், பங்களாதேஷ்காரர்கள், வேறு சாமி கும்பிடுகிறவர்கள், எல்லாரும் கை தட்டிக் கூச்சலிட்டார்கள். அந்தப் பக்கம் சாந்தி பால் வாளியை அடித்துக்கொண்டு எங்களோடு கத்தினாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் பந்தத்தோடு ஓடி வந்தார்கள்.

பிறகு அமைதி. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போயிருச்சுங்க," என்றாள். "ஒரு மாட்டுக்கும் கீறல் இல்லீங்க."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சத்தத்துக்குப் பயந்து ஓடியது, இதில் அற்புதம் என்ன என்கிறார்கள் சிலர். சொல்லட்டும். ஊமையாக இருந்தவன் வாயைத் திறந்தவர் யார்? முன்பின் தெரியாதவர்களை எனக்காக எழுப்பி நிறுத்தியவர் யார்? எனக்குத் தெரியும்.

இப்போது கொட்டகையைச் சுற்றி இரும்பு வலை போட்டிருக்கிறோம். சிறுத்தை அந்தக் காட்டில்தான் இருக்கிறது. சாந்தியும் அங்கேதான் இருக்கிறாள். நான் தொழிலாளர் விடுதியில் தினமும் காலையில் வாய்விட்டு ஜெபிக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் வந்து கூட நிற்கிறார்கள்.

போதும், விட்டுவிட்டு வா என்று உங்களிடமும் யாராவது சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒருமுறை சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். அவர் கேட்கிறார்.