அரை டேங்கில் ஊறிய தண்ணீர்

ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய். உள்ளே இருப்பது வெளியே தெரியும். மேல் முனையில் ஓர் ஊசி. விமானத்தின் றெக்கைக்கு அடியில் ஒரு சின்ன அடைப்பு இருக்கும். ஊசியை அதில் வைத்து அழுத்தினால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் குழாயில் இறங்கும். அது வெளிர்நீலமாக இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் தனியாக நிற்கும். அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் நின்றுவிடும். வானத்தில் ஓரம் கட்டி நிறுத்த இடம் கிடையாது. அந்தக் குழாய் இப்போது என்னிடம் இருக்கிறது.

அமீரகத்தில் கடலை ஒட்டி ஒரு சின்ன விமானத் தளத்தில் நான் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். முதலில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்தேன். ஒரு அறைக்குப் பத்துப் பேர். கம்பெனி என்னை அந்தத் தளத்துக்கு அனுப்பியபோது, இனி தனி கேபின், நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். தூங்கினேன். ஆனால் எழுந்தால் பேச ஆள் இல்லை. வாசலில் ஒரு பாகிஸ்தான் பட்டாணிக் காவலாளி. உள்ளே நான். சுற்றிலும் உப்பு மண். சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமை வருவார்கள். பெட்ரோல் போடுவது, விமானத்தைத் தள்ளுவது, மணலைத் துடைப்பது, கயிற்றால் கட்டுவது என் வேலை. அவர்களுக்கு நான் "ஹலோ". எனக்கு அவர்கள் "சார்".

ஒருவர் மட்டும் தமிழ் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர். ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் கணக்கு எடுக்கும் வேலை. மனைவி, பிள்ளைகள் கனடாவில். பழைய வெள்ளை விமானம் ஒன்றை இன்னும் இரண்டு பேரோடு பங்கு போட்டு வாங்கியிருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். நான் அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டேன். முதல் நாளே மறுத்தார்.

"தம்பி, காசு வாங்கிக்கொண்டு பறக்கிறவர்தான் கேப்டன். நான் காசு குடுத்துப் பறக்கிற விசரன்."

பைத்தியக்காரனுக்கு அவர் ஊரில் அப்படிப் பெயர். பிறகும் நான் கேப்டன் என்றே கூப்பிட்டேன். அவரும் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருவார். ஒரு வட்டம் அடித்து இறங்குவார், சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி ஏறுவார். பத்துத் தடவை அப்படிச் செய்வார். இறங்குவதைத்தான் கை மறந்துபோகும் என்பார். முடிந்ததும் டேங்கை நிரப்பச் சொல்வார். காலி இடம் இருந்தால் அதில் ஈரக்காற்று நிற்கும், ராத்திரி குளிர்ந்து தண்ணீராகும் என்று அவர்தான் சொன்னார். பிறகு ஷெட் நிழலில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயை இருவரும் குடிப்போம். ஒரு மணி நேரம். அதிகம் பேசியதில்லை. ஆனால் பேசியது தமிழில். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆறு நாள் இருந்தேன்.

பிறகு நிர்வாகம் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் கட்டணம். நிறுத்தி வைக்க நாள் கணக்கில் கட்டணம். பெட்ரோல் மேல் கூடுதலாக ஒரு தொகை. கேப்டன் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"இனிச் சில்லு நிலத்திலை முட்டினாலே காசாம்." சில்லு என்றால் சக்கரம்.

"அப்ப இறங்காமலே மேல இருந்துடுங்க சார்."

"அதுக்குப் பெற்றோல் காணாது, தம்பி." போதாது என்பதை அவர் அப்படிச் சொல்வார்.

இருவரும் சிரித்தோம். அந்தக் காகிதத்துக்காக நாங்கள் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

பெரிய பணக்காரர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. சம்பளக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கேப்டனின் கூட்டாளிகள் இருவரும் விலகினார்கள். முழுச் செலவும் அவர் தலையில் விழுந்தது. பத்து இறக்கம் ஒன்றானது. டேங்கில் இருந்ததை வைத்துப் பறந்தார். தீர்ந்த அளவுக்குப் போடாமல், "இருபது லீற்றர் விடும், காணும்" என்பார். வாரா வாரம் டேங்கில் மட்டம் இறங்கியது. பாதிக்கும் கீழே போனது. திரும்ப நிரப்ப வேண்டும் என்றால் ஒரே தடவையில் பெரிய தொகை. அது அவரிடம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வெயில் காலம் வந்தது. அந்தக் கடலோரத்தில் விடியும்போது றெக்கையிலிருந்து பனிநீர் சொட்டும். ஒரு காலை சும்மா, தளத்தில் எனக்குக் கொடுத்திருந்த குழாயை அவர் விமானத்தில் வைத்து அழுத்தினேன். நீலத்துக்கு அடியில் விரல் அளவு தண்ணீர். கொட்டிவிட்டு மறுபடி எடுத்தேன். மூன்றாவது தடவை சுத்தமாக வந்தது. அன்று முதல் தினமும் அவர் விமானத்தில் எடுத்தேன். வெள்ளிக்கிழமை அவர் வருவதற்கு முன்பே எடுத்துவிடுவேன். அவர் வந்து தன் குழாயில் பிடித்துப் பார்ப்பார். நீலம் மட்டும் இருக்கும்.

"பாத்தீரே? ஒரு சொட்டுத் தண்ணியில்லை. சும்மா பயப்பிடுத்தி வைச்சிருக்கிறாங்கள்."

நான் தலையாட்டினேன். அடுத்த வாரம் இன்னும் குறைவாகப் போட்டார். அதற்கடுத்து ஒரு வெள்ளிக்கிழமை, குழாயை எடுக்காமலே ஏறி உட்கார்ந்தார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைத்தது. கிளம்பும் நாளிலும் தண்ணீர் எடுத்துவந்ததை அவரிடம் சொல்லவில்லை. ஊரில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை. சட்டென்று எனக்கு உறைத்தது. நாளை வெள்ளி. ஒரு வாரமாக யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. பந்தல்காரனை அப்படியே விட்டுவிட்டு டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். கேப்டன் நம்பர் என்னிடம் இல்லை. காவலாளிக்குத்தான் போன் போட்டு, எங்கள் பாதி இந்தியில் பேச முடிந்தது.

"பாய், கேப்டன்கிட்ட சொல்லு. ப்ளேன் டேங்குல பானி இருக்கு."

"பானியா? ஆறு மாசமா இங்க மழை மாஃபி, இல்லவே இல்லை. பானி எங்கேயிருந்து வரும்? கல்யாண வீட்டுல தூங்கு பாய்."

"சிரிக்காத. அவர் ஏறுறதுக்கு முன்னால சொல்லு."

"அச்சா, அச்சா." வைத்துவிட்டான்.

மறுநாள் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. தாலி கட்டியபோது நான் அங்கேதான் நின்றேன். பார்த்த ஞாபகம் இல்லை.

திரும்பி வந்தபோது வெள்ளை விமானம் நிற்குமிடம் காலி. தரையில் மூன்று இரும்பு வளையம், அவிழ்த்த கயிறு. காவலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான். "பாய், வித்துட்டார். ஆளு நல்லாயிருக்கார்." அவன் போன்தான் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கேப்டன் காரில் வந்தார். பிளாஸ்க்கும் கொண்டு வந்தார். ஷெட் நிழலில் உட்கார்ந்தோம். காவலாளி சொன்னபோது அவரும் முதலில் சிரித்தாராம். பிறகு குழாயை வைத்துப் பார்த்தாராம்.

"பாதிக் குழாய் தண்ணி. எத்தினை நாளா நீர் எடுத்தனீர்?"

"மூணு மாசமா சார்."

"ஏன் சொல்லேல்லை?"

சொன்னால் டேங்கை நிரப்ப வேண்டும், நிரப்ப முடியாது, பறப்பதை விட்டுவிடுவார். விட்டால் வெள்ளிக்கிழமை வரமாட்டார். அவ்வளவுதான் காரணம். அவருக்காகத்தான் தண்ணீர் எடுத்தேன் என்று அந்த மூன்று மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் எடுத்திருக்கிறேன்.

"சொன்னா நீங்க வரமாட்டீங்க சார்" என்றேன்.

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகிக் கழற்றினார்.

"நான் செத்திருப்பன், தம்பி."

"ஆமாம் சார்."

திட்டுவார் என்று இருந்தேன். மூடியில் டீயை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். "வெள்ளிக்கிழமையிலை எனக்கும் வேறை போக்கிடம் இல்லை" என்றார். வாங்கியவன் டேங்கை நிரப்பிக்கொண்டு பறந்தான் என்று சொன்னார். போகும்போது சட்டைப் பையிலிருந்து இந்தக் குழாயை எடுத்து என் கையில் வைத்தார். இனி எனக்கு எதற்கு என்றார். அதன் பிறகு அவர் வரவில்லை. வர ஒரு காரணமும் மிச்சம் இல்லை. அந்த வருடமே என்னையும் வேறு சைட்டுக்கு மாற்றினார்கள்.

இப்போது குவைத்தில், ஃபஹாஹீலில் இருக்கிறேன். கார்களுக்குப் பெட்ரோல் போடுகிறேன். யாரும் இறங்குவதில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித் தொகையைச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அறையில் எல்லோரும் தூங்குவார்கள். நான் ஏழு மணிக்கு எழுந்துவிடுவேன். ஜன்னல் பக்கம் போய்க் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். உள்ளே ஒன்றும் இல்லை. காய்ந்துதான் இருக்கிறது. இருந்தும் அடியில்தான் முதலில் பார்க்கிறேன்.